அசையாமல் நிற்கத் தெரியாத பதினெட்டுப் பேர்

நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீசையை நானே மழித்துக்கொள்கிறேன்.

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் பதினெட்டுப் பேர். காலை அணிவகுப்பில் ஆணியடித்த மாதிரி நிற்பார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால், ஈதான் சலித்துப்போய் எழுந்து போகும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை குழுப்படம் எடுக்க எதிர்க்கடை ஸ்டுடியோக்காரர் வந்து கேமராவைத் தூக்கினால் போதும், அத்தனை பேர் உடம்பிலும் எறும்பு ஏறிவிடும்.

புதிதாக வந்த அதிகாரி அம்மாவுக்கு இது முதல் படம். போன வருஷப் படம் கலங்கிய குட்டை மாதிரி இருந்ததாம். இந்த முறையும் அப்படியென்றால் இனி படம் எடுக்க வேறு ஆளை அனுப்புவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

கேட்டதும் ஸ்டுடியோக்காரர் முகம் சுருங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்த நிலையத்தை அவர்தான் எடுக்கிறார். பதினெட்டில் பதினாறு பேர் கல்யாணமும் அவர் எடுத்ததுதான். மீதி இரண்டு பேருக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை.

கேமரா எழுந்தது. ஓட்டுநர் தும்மினார். அந்தத் தும்மலில் முன்வரிசைத் தொப்பிகள் மூன்று பறந்தன. ஒருவர் இல்லாத கொசுவை அடித்தார். 'குண்டூசி' என்கிற ஒல்லி ஆள் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டார்.

ஒரு பெரிய மனுஷர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்று அம்மா பிடிபிடியென்று பிடித்தார். பதினெட்டுப் பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த படத்துக்கும் அதே கூத்து.

ஸ்டாண்டில் வைத்து எடுக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, என் கைதான் ஸ்டாண்டு என்று ஸ்டுடியோக்காரர் ரோஷப்பட்டார்.

அம்மா கேமராவை வாங்கித் திரையில் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கி இன்னொருமுறை பார்த்தார்.

"இதுங்களை நிக்க வைக்க நம்மால ஆகாது அண்ணே. ஓட விட்டே எடுங்க. விளையாட்டுப் போட்டிக்கு வைப்பீங்களே, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, அந்த வேகத்துல வைங்க. எவ்வளவு ஆடினாலும் தெரியாது."

அம்மாவே அபாய மணியை அடித்தார். குழாயைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் பேரும் கேமராவை நோக்கிப் பாய்ந்தார்கள்.

படத்தில் ஒரு கால்கூடத் தரையில் இல்லை. சிதறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தரத்தில் நின்றது. குண்டூசியின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம்.

தலைமை அலுவலகம் அதைப் பெரிதாக்கி வாசலிலேயே மாட்டியது. ஓட்டப்பந்தயம் எடுத்துத் தரச் சொல்லி இரண்டு பள்ளிக்கூடங்கள் கடை தேடி வந்தன. நிற்கிறவனை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஓடுகிறவனை எடுக்க ஆள் வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் நிலையத்துக்கே வந்து பீற்றிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் ஓட்டுநர் தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், அன்னைக்கு நாங்க ஆடினது..."

அம்மா போன வருஷப் படத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"நீங்க பதினெட்டுப் பேரும் ஆடினீங்க, சரி. பின்னாடி நிறுத்தியிருக்கிற வண்டியுமா ஆடும்? அண்ணனுக்குக் கை நடுக்கம் எத்தனை நாளா?"

"மூணு வருஷமா மேடம். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம். அடுத்த வருஷமும் ஓடுங்க."

ஆகவே, நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். மீறி உளறினாலும், எங்கே கேட்டாய் என்பவர்களிடம் என் பக்கம் மட்டும் கையைக் காட்டிவிடாதீர்கள்.