மணிவிழாக் கோள்

இப்போதெல்லாம் பெரிய மனிதர் என்றால், ஏதாவது ஒரு தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கோளுக்கு அவர் பெயர் இருக்க வேண்டும். ஆய்வகத் தலைவர் திருமேனிநாதனுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் எழிற்செல்வி. அறிவிப்பில் அவள் பெயரே இல்லை.

மணிவிழாவுக்கு இன்னொன்று வேண்டுமென்றார். கொந்தளிக்கும் நட்சத்திரம் ஒன்றின் ஒளி, கோள் குறுக்கே போவதுபோலச் சீரான இடைவெளியில் மங்கி மங்கி வருவதைத் திரையில் பார்த்ததும், "இதுக்கும் என் பேரையே வச்சிடும்மா" என்றார். அது கோள் இல்லை, நட்சத்திரத்தின் முகத்தில் சுழலும் கரும்புள்ளி, சீக்கிரமே கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"தாராளமா சார். இது முழுக்க முழுக்க உங்க கண்டுபிடிப்புதான்."

மண்டபத்தில் நேரலைத் திரை. கோள் குறுக்கே வந்து ஒளி மங்கும்போது தூவுவதற்காக, கை நிறைய அட்சதையோடு ஊரே காத்திருந்தது. நட்சத்திரம் மங்கவே இல்லை. அமைச்சர் கொட்டாவி விட்டார். மாலைக்குள்ளிருந்து தலைவர் சீறினார்: "எங்கம்மா என் கோள்?"

எழிற்செல்வி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"போன தடவை என் பேரு எங்க போச்சோ, அங்கதான் சார்."