ஆலா சொன்ன சேதி

தீவில் கூடு கட்டும் ஆலா என்னும் கடற்பறவைகளின் கழுத்தில் கட்டிய, இருக்கும் இடத்தையும் காட்டும் சிறு கேமராக்கள் வழியாகக் கடலைப் பார்ப்பதுதான் நிலோஃபரின் ஆராய்ச்சி. அன்று ஓர் ஆலா, என்ஜின் நின்று மிதந்துகொண்டிருந்த வள்ளத்தில் போய் அமர்ந்தது. புயலில் காணாமல் போயிருந்த மீனவர் கில்பர்ட் அதில் இருந்தார். நிலோஃபர் மீட்புப் படகுக்குச் சொல்லிவிட்டு, அவர் மனைவி ஜெசிந்தாவைக் கேமராத் திரையின் முன் அழைத்துவந்தாள்.

கில்பர்ட் பறவையிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் ஏன் இருக்க? குஞ்சு பசியோட கெடக்குமே. போ மக்கா."

"ஐயோ, விரட்டாதீங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் ஜெசிந்தா. பறவை போய்விட்டால், நீரோட்டம் இழுத்துப்போகும் வள்ளத்தை எங்கே தேடுவது?

ஆலாக்களை அழைக்கக் கேமராவில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தது. தன் கழுத்திலிருந்தே மனிதக் குரல் கேட்டால் ஆலா மிரண்டு கூட்டுக்கே திரும்பாமல் போகலாம். தயங்கிய நிலோஃபர், "மெதுவா பேசுங்கக்கா" என்று பொத்தானை அழுத்தினாள்.

"நான்தாங்க, ஜெசி. அதப் பிடிச்சு வச்சுக்கிடுங்க. படகு வருது."

கில்பர்ட் திகைத்து நின்றார். சட்டென்று பறவையை இரு கைகளாலும் பொத்திக்கொள்ள, திரை இருண்டது. அந்த இருட்டுக்குள்ளிருந்து அவர் அழும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் மீட்புப் படகில் ஏறிய பிறகே கைகளை விரித்தார். ஆலா கடலில் பாய்ந்து ஒரு மீனைக் கவ்விக்கொண்டு நேரே தீவுக்குப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் திரை நிறையத் தெரிந்தது, குஞ்சின் திறந்த வாய்.