மாம்பலத்து வாசகர்

அந்தக் கடிதத்தை ராமானுஜம் மூன்றாவது தடவையாக முகர்ந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு முகர்ந்தார். பிறகு பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காதல் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். கச்சேரி ரோட்டிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் 'மோட்டார் சந்தேகங்கள்' என்ற பகுதியை அவர்தான் எழுதுகிறார். இரண்டு வருஷத்தில் முதன்முதலாக இன்றைக்குத்தான் நிஜ வாசகர் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்.

அப்படியானால் இத்தனை நாள் கேட்டவர்கள் யார்? அவரேதான். திங்கட்கிழமை நீல மசியில் கேள்வி எழுதி, வாயில் வந்த பெயரைக் கீழே போடுவார். செவ்வாய்க்கிழமை கறுப்பு மசியில் பதில் எழுதுவார். அதற்கு மேல் வேஷம் கட்ட, பாவம், அவருக்குச் சாமர்த்தியம் போதாது.

மவுண்ட் ரோடு மோட்டார் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் சாமான் குமாஸ்தாவாக இருந்து, ஆள் குறைப்பில் வேலை போனவர். குளத்தங்கரைப் பக்கம் ஒற்றை அறை. மனைவி தவறிப் பத்து வருஷம் ஆகிறது. குழந்தை குட்டி கிடையாது. விடிந்தால் அடைந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மத்தியானம் கீழே அச்சுக்கூடத்து மூலையில் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு, வால்வு, ராக்கர் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். அங்கே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "மாம்பலம் மெஹபூப் பாஷா எழுதிக்கொண்டது. பல்லாவரம் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறேன். இஞ்சினுக்குத் திருகு வைத்த ராக்கர் போடுவதா, திருகு இல்லாததா? ஐயா சொல்கிறபடி செய்வேன்."

ராக்கர் என்பது வால்வைத் தட்டித் திறக்கிற சின்ன இரும்புக் கை. இந்தக் கேள்வியை மட்டும் ராமானுஜம் நீல மசியில் எழுதியதே இல்லை. நிஜமான ஒருவன் கேட்கட்டும் என்று ஆசையாக வைத்திருந்தார். கேட்டேவிட்டான்!

மாடியில் ஆசிரியர் வேறு யோசனையில் இருந்தார்.

"ஓய், உம்ம பகுதிய இந்த வாரத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். மோட்டார் வெச்சிண்டிருக்கறவா நம்ம பத்திரிகையையா படிக்கறா? அந்த அரைப் பக்கத்துக்குத் தைல விளம்பரம் வரது."

ராமானுஜம் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"நிஜ ஆசாமிதான்னு என்ன அத்தாட்சி?"

"மோந்து பாருங்கோ. மண்ணெண்ணெய் வாசனை தூக்கறது. ஓரத்துல கறுப்பா கட்டைவிரல் ரேகை, பாத்தேளா? கிரீஸ்! இஞ்சினக் கழட்டிப் போட்டுண்டு, பாதி வேலையில எழுதியிருக்கான்."

ஆசிரியர் முகர்ந்து பார்த்துத் தும்மினார். "சரி, இந்த வாரம் போடும். ஆனா ஒத்தைக் கடுதாசிய நம்பி இடம் தர முடியாது. அடுத்த வாரமும் வந்தா பார்க்கலாம். இல்லேன்னா தைலந்தான்."

ராமானுஜம் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். தினமும் ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்குத் திருகு இல்லாத ராக்கரே போதும். கனம் குறைவு, தளர்ந்துபோக நட்டும் இல்லை. ஆனால் பந்தயக்காரன் இஞ்சினைச் சும்மா விடமாட்டான். வால்வை மாற்றுவான், இஞ்சின் மூடியைத் தேய்ப்பான். ஒவ்வொரு தடவையும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிப்போகும். திருகு இருந்தால் அதை உடனே சரிசெய்துகொள்ளலாம். ஆகையால் திருகு வைத்ததையே போடவும், ஓட்டத்துக்கு முன்னால் நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

கடைசியில், 'தங்கள் வண்டியைப் பார்க்க ஆசை' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தார். 'பந்தய முடிவைத் தெரிவிக்கவும்' என்று மாற்றினார்.

கீழே கம்பாசிட்டர் வேலு, அச்சடித்து முடிந்த எழுத்துகளை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசமாட்டான். இரண்டு வருஷமாக நீல மசியையும் கறுப்பு மசியையும் அச்சுக் கோத்தவன் அவன்தான்.

"வேலு, இத நாளைக்குள்ள கோத்துடு. நெஜ வாசகருக்குப் பதில்."

"ஆவட்டும் சாமி."

ராமானுஜம் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். படிக்கட்டு இறங்கி வரும்போதே சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது.

"இன்னொரு தரம் எழுதுவானோ? அவன் கேட்டதுக்குத்தான் பதில் கெடச்சுடுத்தே. இனிமே எதுக்கு எழுதப்போறான்?"

வேலு கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு அச்சு மையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாரம் கடுதாசி வரலேன்னா, நான் இங்க வரதுக்கே காரணம் இல்ல, வேலு. எங்க போவேன்னு தெரியல." இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலு இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று பக்கங்களையும் வாங்கினான். மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த வாரத்துக்கு இன்னா கேக்கட்டும், சாமி?"