எனக்கு முன்னால் வந்தவன்

எந்த வீட்டுக்குப் போனாலும், எனக்கு முன்னால் வந்த பிளம்பரை நாலு வார்த்தை திட்டாமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. அது என் தொழில் சுத்தம்.

அன்றைக்குத் திட்டுவதற்குத் தாராளமாக இடமிருந்தது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்து, அலமாரிப் பலகை ஊறி உப்பியிருந்தது. பின்சுவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

"யாரும்மா இந்த வேலை பார்த்தது? குழாயைக் கோணலா மாட்டியிருக்கான்."

"போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. நான் ஆபீஸ் போயிட்டேன், எங்க வீட்டுக்காரர்தான் இருந்தார்."

"இது ஸ்பேனர் பிடிச்ச கையே இல்லம்மா. சும்மா விடாதீங்க. அவனையே கூப்பிட்டுப் பலகையை மாத்தி, பெயின்ட்டும் அடிச்சுத் தரச் சொல்லுங்க."

"சொன்னா செய்வாரா?"

"செய்யாம எங்க போவான்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்த அம்மா அலமாரியின் இன்னொரு கதவைத் திறந்தார். உட்புறத்தில் பென்சிலால், 'பிளம்பர், எப்ப வேணா கூப்பிடலாம்' என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர்.

"அவர் எழுதி வச்சிட்டுப் போனது. இதைப் பார்த்துதான் காலையில உங்களைக் கூப்பிட்டேன்."

கையெழுத்து மட்டும் கோணலில்லாமல் இருந்தது.

"சுவருக்கு என்ன கலர்ம்மா அடிக்கணும்?" என்றேன்.