கதவு முழுசா மூடும்

ஷெட்டில் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. நெட்டையனுக்குப் பின்தொட்டி நீளம். வால் ஷெட் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு மழையில் நனையும். குட்டையன் கச்சிதமாக அடங்கிவிடுவான். "நான் நின்னா கதவு முழுசா மூடும்ணே" என்று தினமும் அவனை வெறுப்பேற்றுவான்.

ஒருநாள் வீட்டு வண்டி அக்கா வந்தாள். கட்டில், அடுப்பு எல்லாம் வயிற்றிலேயே வைத்திருக்கும் பெரிய உடம்புக்காரி. சொந்தமாக இன்ஜின் கிடையாது; இழுக்கிற வண்டியின் தொட்டியில் தாடையை வைத்தால்தான் நகருவாள். அவளுக்குக் கடல் பார்க்க ஆசை.

"திருப்பத்துல என் தோள் முன்னாடி வரும் தம்பி. உன் தொட்டி நீளம் போதுமா?"

"எனக்குக் கதவு முழுசா மூடும்க்கா!" என்றான் குட்டையன்.

சொன்ன தோரணையில் அக்கா மயங்கிவிட்டாள். நேர் ரோட்டில் இருவரும் பாடிக்கொண்டே போனார்கள். முதல் திருப்பத்திலேயே அக்காவின் தோள் குட்டையனின் பின்கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

அக்கா இப்போது நெட்டையனோடு கடற்கரையில் இருக்கிறாள். கண்ணாடி இல்லாத குட்டையனை மழையில் யாரும் வெளியே எடுப்பதில்லை.

"கதவு முழுசா மூடியிருக்கு, கவனிச்சியா?" என்றான், சுவரில் இருந்த பல்லியிடம்.

பல்லி உச்சுக் கொட்டியது.

"பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு!"