ஒல்லியான துரைப்பாண்டி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் நம் கேள்விகளுக்கு இப்போது டாக்டர்கள் பதில் சொல்வதில்லை. ஐந்து வருடம் கழித்து இருக்கப்போகும் நம்மையே கணினியில் உருவாக்கித் திரையில் வரவழைத்துவிடுகிறார்கள். என் கணவர் துரைப்பாண்டிக்கு எதிரே, அதே மீசையோடு ஒல்லியாக இன்னொரு துரைப்பாண்டி வந்து உட்கார்ந்தார்.

"பிரியாணி உண்டாண்ணே?" என்று இவர் கேட்டார்.

"நாலு வாய், தம்பி. அதுக்கே வயிறு முட்டிரும்."

"கறிவிருந்துக்குப் போனா?"

"எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். என் பங்கையும் இவ சாப்பிட்டுருவா."

மூவரும் சிரித்தோம். முடி கொட்டுமா, தோல் தொங்குமா என்று நான் கேட்டேன்.

அறுவை சிகிச்சையின்போதே என் கணவர் இறந்துபோனார். உயிருக்கு ஆபத்து உண்டா என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. பிழைத்தவர்தான் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாரே.