முப்பத்தொரு போட்டியாளர்கள்

என் நாலாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். யாருக்கு எப்படிச் சொன்னால் பாடம் ஏறுமோ, அவர்களுக்கு அப்படி என்னை மாற்றிக் காட்டும் கண்ணாடியை எல்லோரும் கண்ணில் மாட்டியிருக்கிறார்கள். நான் பின்னத்தைப் புத்தகத்தில் உள்ளபடிதான் சொல்கிறேன். ஜெபஸ்டினின் கண்ணாடியில் அதையே பாடுகிறேன். நஸ்ரினுக்குத் தோசையை வெட்டிக் காட்டுகிறேன்.

“எங்க சாரு என்னமா ஆடுறாரு தெரியுமா?” என்று இடைவேளையில் பெருமையடித்துக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரியும். கண்ணாடிக்குள் இருக்கும் அந்த முப்பத்தொரு சாருக்கும் தலை நிறைய முடி வேறு இருக்கிறதாம்.

நேற்று நஸ்ரினின் கண்ணாடி உடைந்துவிட்டது. ஒரு வாத்தியார் இதற்குச் சந்தோஷப்படக் கூடாதுதான், பட்டேன். அவளை முன்வரிசைக்கு வரச்சொல்லி, இரண்டில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டிக் காட்டினேன். பதற்றத்தில் ஆறில் இரண்டு என்று எழுதித் தொலைத்தேன்.

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சார், நீங்ககூட தப்பா போடுவீங்களா? எங்க சாருக்குத் தப்பே வராது. அவருகிட்ட சந்தேகம் கேக்கவே பயமா இருக்கும்.”

பிறகு என்னிடம் பதினொரு சந்தேகம் கேட்டாள். வருடம் முழுக்க அவள் குரலையே நான் கேட்டதில்லை.

இன்று அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மாட்டலையாம்மா?”

“அப்புறமா மாட்டிக்கிறேன் சார். இன்னைக்கும் தப்பு போடுவீங்கதானே?”

“கவலைப்படாதே தாயி,” என்றேன். “அந்த விஷயத்துல உங்க சாரு என் பக்கத்துலகூட நிக்க முடியாது.”